அரசர்கள் காலி செய்த வீடு – லூவர் அருங்காட்சியகம் குறித்து ஒரு மதிப்பீடு

ஐரோப்பியச் சுற்றுலா போய்வந்த நம் அன்பர்களிடம், பாரிஸில் லூவர் எப்படி இருந்தது என்று கேட்டுப் பாருங்கள். பெரும்பாலும் மூன்று பதில்கள்தாம் கிடைக்கும். மோனா லிசா இத்தனூண்டு படமா! கால் வலி தாங்கவில்லை. வெளியே வர வழி தெரியாமல் சுற்றிச் சுற்றி வந்தோம். கலை தெரியாதவர்களின் பேச்சு என்று இவற்றை ஒதுக்கிவிட எனக்கு மனம் வரவில்லை. சொல்லப்போனால் மூன்றும் நல்ல விமரிசனங்கள். அந்தக் கட்டடம் யாருக்காகக் கட்டப்பட்டது, பிறகு யார் யார் அதில் குடியிருந்தார்கள், நமக்கு எப்போது கதவு திறந்தது என்ற வரலாறு பூராவும் அந்தக் கால் வலிக்குள் இருக்கிறது. ஒரு நூலை எடுத்துக்கொண்டு மதிப்பிடுவதுபோல ஒரு கட்டடத்தையும் மதிப்பிடலாம் என்ற துணிவில் இதை எழுதுகிறேன்.

வழிகாட்டி நூல்களில் கதை மிகவும் சுருக்கம். பிரெஞ்சுப் புரட்சி வந்தது; மன்னராட்சி வீழ்ந்த ஓராண்டு நிறைவு நாளான 1793 ஆகஸ்டு 10 அன்று அரசனின் அரண்மனை மக்களின் அருங்காட்சியகமாயிற்று. கேட்க நன்றாக இருக்கிறது. பாதி உண்மையும் இருக்கிறது. மீதிப் பாதி என்னவென்றால், அரசர்கள் அந்த வீட்டைக் காலி செய்து அதற்குள் நூறு வருஷத்துக்கு மேல் ஆகியிருந்தது. அருங்காட்சியகத் திட்டத்தைத் தீட்டியதே அரசனின் அதிகாரிகள்தாம். 1793க்குப் பிறகும் கடைசிக் குடித்தனக்காரரை வெளியேற்ற இன்னும் இருநூறு ஆண்டு பிடித்தது. தில்லியில் வாடகை வழக்கு நடத்தியவர்களுக்கு இந்தக் கதை சுலபமாகப் புரியும்.

தொடக்க காலத்தை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். சிலுவைப் போருக்குப் புறப்படுமுன் 1190இல் பிலிப் ஒகுஸ்த் மன்னர் பாரிஸைச் சுற்றி மதில் எழுப்ப ஆணையிட்டார். அந்த மதிலின் மேற்குப் பக்கக் காவலுக்கு, சேன் நதியோரம் எழுந்த கோட்டைதான் முதல் லூவர். பதினான்காம் நூற்றாண்டில் ஐந்தாம் சார்ல் அதை வசிக்கத்தக்க இடமாக மாற்றி, ஒரு கோபுரத்தில் சுமார் தொள்ளாயிரம் சுவடிகள் கொண்ட நூலகமும் வைத்தார். முதலாம் பிரான்சுவா 1528இல் நடுக் கோபுரத்தை இடித்தார். 1546இல் பியேர் லெஸ்கோ என்ற கட்டடக் கலைஞரிடம் புது மாளிகையை ஒப்படைத்தார். மோனா லிசாவை பிரெஞ்சு அரச உடைமையாக்கியவரும் இவரே. பழைய கோட்டையின் அடித்தளமும் அகழிச் சுவரும் 1980களில் தோண்டி வெளிக்கொணரப்பட்டு, இன்று நிலவறைத் தளத்தில் காணக்கிடைக்கின்றன. கூட்டம் குறைந்த இடம். குழந்தைகளோடு போகிறவர்கள் அங்கிருந்து தொடங்கலாம்.

நான்காம் ஹென்றி செய்த ஒரு காரியம்தான் லூவரின் தலையெழுத்தை நிர்ணயித்தது. லூவரிலிருந்து துய்லரி அரண்மனைவரை நதியோரமாகவே, நனையாமல் நடந்து போவதற்கு 450 மீட்டர் நீளத்தில் ஒரு தாழ்வாரம் கட்டினார். அதுவே பெருங்கூடம். நன்றாகக் கவனிக்கவேண்டும், அது போய்வருவதற்கான வழி. நின்று பார்ப்பதற்கான இடமாக யாரும் அதை நினைக்கவில்லை. நம் சுற்றுலாக்காரர்களின் கால் வலி அங்கே தொடங்குகிறது! அதன் கீழ்த் தளங்களில் ஓவியர், சிற்பி, பொற்கொல்லர், கடிகாரம் செய்பவர் என்று கைவினைஞர்களைக் குடியமர்த்தி 1608இல் ஆணையும் பிறப்பித்தார் ஹென்றி.

பதினான்காம் லூயி, கிழக்குப் பக்கத்தில் புகழ்பெற்ற தூண்வரிசை முகப்பை எழுப்பினார். அதற்காக இத்தாலியிலிருந்து பெர்னினியை 1665இல் பெரும் மரியாதையோடு வரவழைத்து, கடைசியில் அவர் வரைபடத்தை வேண்டாமென்று அனுப்பிவைத்தார்கள். இத்தனை செலவும் செய்துவிட்டு, மன்னர் 1682இல் அரசவையோடு வெர்சாய்க்குக் குடிபோய்விட்டார். லூவரின் சில பகுதிகளுக்குக் கூரைகூடப் போட்டு முடிக்கவில்லை. ராஜா இல்லாத ராஜா வீடு. யார் வந்து ஒட்டிக்கொள்வார்கள்? கலைக் கழகங்கள் வந்தன. ஓவியர்கள் குடும்பம் குட்டியோடு வந்தார்கள். சன்னல் வழியே அடுப்புக் குழாய்கள் நீட்டிக்கொண்டிருந்தனவாம். ஷார்தேன் அங்கே குடியிருந்தார். பிராகோனார் அங்கே குடியிருந்தார். ஷார்தேனின் படங்களில் காணும் செப்புப் பாத்திரத்தையும் பீச் பழத்தையும் பார்க்கும்போதெல்லாம், அரண்மனைக்குள் ஒரு சமையலறை என்ற நினைப்பு எனக்கு வராமல் இருப்பதில்லை.

மக்கள் லூவருக்குள் நுழைந்தது இந்தக் காலத்தில்தான். அரச ஓவியக் கழகம் தன் உறுப்பினர்களின் படைப்புகளை அங்கே காட்சிக்கு வைத்தது. 1725 முதல் சதுரக் கூடம் எனப்படும் ‘சலோன் கார்ரே’யில் நடந்ததால் காட்சிக்கே ‘சலோன்’ என்று பெயர் வந்தது. 1737 முதல் அது ஒழுங்காக நடந்தது, கட்டணம் கிடையாது. பிரபுவும் வந்தார், பிரபுவின் வேலைக்காரரும் வந்தார். இருவரும் ஒரே படத்தின்முன் நின்று கருத்துச் சொன்னார்கள். என் எண்ணத்தில் லூவர் பொதுமக்களுடையதாகத் தொடங்கியது இங்கேதான். புரட்சிக்கு ஐம்பத்திரண்டு ஆண்டு முன்னால்!

இன்னொன்றும் இங்கே பிறந்தது. கலை விமரிசனம். லா போன் த சேன்-யேன் என்ற மனிதர், ஓவியரும் அல்லர், அரண்மனை அதிகாரியும் அல்லர். அவர் 1747இல் ஒரு சிறு நூல் வெளியிட்டார். அரசரின் ஓவியங்கள் யார் கண்ணிலும் படாமல் வெர்சாயில் அடைபட்டுப் பாழாகின்றன. லூவரில் ஒரு கூடம் அமைத்து அவற்றை எல்லாரும் பார்க்க வையுங்கள் என்பது அவர் கேட்டது. உனக்கு என்ன தெரியும் என்று ஓவியர்கள் சீறினார்கள். பார்வையற்றவராக அவரை வரைந்து கேலிச்சித்திரம் போட்டார்கள். ஆனால் கேள்வி பலித்தது. மூன்றே ஆண்டில், 1750இல், லக்சம்பூர் அரண்மனையில் அரசரின் ஓவியங்களில் நூறு போல வாரம் இரு நாள் மக்கள் பார்வைக்கு வைக்கப்பட்டன. 1779இல் அந்த அரண்மனையை அரசரின் தம்பிக்குக் கொடுத்ததும் காட்சியை மூடிவிட்டார்கள். அரசன் கொடுத்தது, அரசன் எடுத்துக்கொண்டது. தீதரோ 1759இலிருந்து எழுதிய சலோன் விமரிசனங்களைப் பலரும் போற்றுகிறார்கள், நானும் போற்றுகிறேன். ஆனால் அவை கையெழுத்துப் பிரதிகளாக வெளிநாட்டு மன்னர் சிலருக்குப் போனவை; பாரிஸ் தெருவில் இருந்தவன் அவற்றைப் படிக்கவில்லை. லா போனின் அச்சுப் பிரதியைப் படித்தான். என்னைக் கேட்டால், லூவரின் வாசலில் சிலை வைக்க வேண்டியது அவருக்குத்தான்.

அடுத்து தாஞ்சிவியே பிரபு. 1774இல் அரசக் கட்டடங்களின் தலைமை அதிகாரியானவர். பெருங்கூடத்தை அருங்காட்சியகமாக்கத் தீர்மானித்து, அதற்கென்றே படங்கள் வாங்கிச் சேர்த்தார். ஆனால் பதினைந்து ஆண்டு கூட்டம் போட்டும் திறக்க முடியவில்லை. காரணம் பணம் மட்டுமில்லை, வெளிச்சம். இருபக்கமும் சன்னல் உள்ள தாழ்வாரத்தில் படம் மாட்டினால், சன்னல் வெளிச்சம் கண்ணைக் கூசும், படம் இருட்டில் கிடக்கும். கூரையைத் திறந்து மேலிருந்து ஒளி விடலாமா என்று வாதம் நடந்தது. அந்தக் குழுவில் இருந்த ஓவியர் உய்பேர் ரோபேர் 1796இல் இரண்டு படங்கள் தீட்டினார். ஒன்றில் கூரை வழியே ஒளி பொழியும் எதிர்காலப் பெருங்கூடம். மற்றதில் அதே கூடம் கூரை இடிந்து, புல் முளைத்துப் பாழாய்க் கிடக்கிறது. இரண்டும் லூவரிலேயே உள்ளன. ஓர் அருங்காட்சியகம் சரியாகத் திறந்து முடியுமுன்னே அதன் அழிவையும் வரைந்துவைத்த அந்தத் துணிச்சலுக்கு ஈடாக வேறொன்று எனக்குத் தெரியவில்லை.

இப்போது 1793. அன்று 537 ஓவியங்களும் 184 கலைப்பொருள்களும் வைக்கப்பட்டன. அரசர் சேகரித்தவை, தேவாலயங்களிலிருந்து பறிமுதலானவை, நாட்டைவிட்டு ஓடிய பிரபுக்களுடையவை. விழாவுக்காக ஆகஸ்டில் திறந்தார்கள். ஒழுங்காக நடந்தது நவம்பரிலிருந்து. (ரிப்பன் வெட்டிவிட்டுப் பிறகு வேலையை முடிக்கும் வழக்கம் நமக்கு மட்டும் சொந்தமில்லை.) புரட்சி அரசின் நாட்காட்டியில் வாரத்துக்குப் பத்து நாள். அதில் மூன்று நாள்தான் பொதுமக்களுக்கு. மற்றவற்றில் பெரும்பாலானவை, படத்தைப் பார்த்துப் பயிலும் ஓவியர்களுக்கு. கட்டணம் இல்லை. அது பெரிய காரியம், குறைத்துச் சொல்லமாட்டேன். ஆனால் மூன்றே ஆண்டில், 1796இல், கட்டடம் தாங்கவில்லை என்று பழுதுபார்க்க மூட வேண்டியதாயிற்று.

மக்கள் உள்ளே வந்தது சரி. வந்தவர்களுக்கு என்ன புரிந்தது? இதற்கு நல்ல சாட்சி எமில் ஸோலா. 1877இல் நூலாக வந்த அவருடைய ‘லாஸொம்முவார்’ நாவலில், சலவைத் தொழிலாளி ஒருத்தியின் கலியாண கோஷ்டி மழைக்கு ஒதுங்க லூவருக்குள் போகிறது. தரையின் பளபளப்பைப் பார்த்து வியக்கிறார்கள். ஒரு பெரிய படத்தின்முன் மணப்பெண் இது என்ன கதை என்று கேட்கிறாள், சொல்வாரில்லை. பிறகு வழி தவறி, கூடம் கூடமாக அலைந்து, மூடும் நேரம்வரை தவிக்கிறார்கள். ஸோலா அவர்களைக் கொஞ்சம் கேலியாகத்தான் எழுதுகிறார் என்பது எனக்குக் குறையே. அந்தப் பெண் கேட்டது நியாயமான கேள்வி. கதவைத் திறந்துவிட்டு, படத்தின் பெயரையும் கதையையும் எழுதிவைக்காவிட்டால் பாதிக் கதவுதான் திறந்திருக்கிறது.

அவள் நின்ற படம் எது தெரியுமா? வெரோனேசே தீட்டிய ‘கானாவூர்த் திருமணம்’. லூவரின் மிகப் பெரிய ஓவியம், ஏறத்தாழ 6.8 மீட்டர் உயரம், 9.9 மீட்டர் அகலம். 1563இல் வெனிஸ் நகரத்தில் சான் ஜியோர்ஜியோ மடத்தின் உணவுக்கூடத்துக்காகத் தீட்டி முடித்தது. பந்தியில் மௌனமாக உட்கார்ந்த துறவிகளுக்கு எதிர்ச் சுவரில் இன்னொரு பந்தி. நூற்றுக்கு மேற்பட்ட விருந்தாளிகள், நாய்கள், வாத்தியக்காரர்கள், நடுவில் இயேசு. அந்தச் சுவருக்கென்றே பிறந்த படம். 1797இல் நெப்போலியனின் படை அதை வெட்டிச் சுருட்டிப் பாரிஸுக்குக் கொண்டுபோயிற்று. இத்தாலியிலிருந்து வந்த செல்வங்களை 1798 ஜூலையில் பாரிஸ் வீதிகளில் ஊர்வலமாகவே இழுத்துவந்தார்கள். 1803இல் லூவருக்கு நெப்போலியன் அருங்காட்சியகம் என்றே பெயர். 1810இல் அவருடைய இரண்டாவது திருமண ஊர்வலம் பெருங்கூடத்தின் வழியே போய்ச் சதுரக் கூடத்தில் சடங்கு நடந்தது. பதினேழு ஆண்டுக்குள் மறுபடி ராஜா வீடு!

வாட்டர்லூவுக்குப் பின் 1815இல் சுமார் ஐயாயிரம் பொருள்கள் உரியவர்களிடம் திரும்பின. வெரோனேசே திரும்பவில்லை. பெரிய படம், பயணம் தாங்காது என்றார்கள், வரும்போது தாங்கியது. பதிலுக்கு லெ ப்ரேன் தீட்டிய படம் ஒன்றைக் கொடுத்துக் கணக்கை முடித்தார்கள். வெனிஸ் மடத்துச் சுவரில் 2007இல் ஒரு துல்லியமான நகல் பொருத்தப்பட்டிருக்கிறது. அசல் இன்று மோனா லிசா இருக்கும் அதே கூடத்தில், நேர் எதிர்ச் சுவரில் தொங்குகிறது. நாளெல்லாம் ஆயிரக்கணக்கானோர் அதற்கு முதுகைக் காட்டிக்கொண்டு கைப்பேசியை உயர்த்தி நிற்கிறார்கள். திருப்பித் தரமாட்டோம் என்று பிடிவாதமாக வைத்துக்கொண்ட பொருளை, யாரும் பார்க்காத இடத்தில் வைப்பது எந்த நியாயம்? லூவர் மீது எனக்குள்ள பெரிய குறை இது. காவலர்கள் நகரச் சொன்னதும் ஒருமுறை திரும்பிப் பாருங்கள். அந்தப் பந்தியில் நமக்கும் இலை போட்டிருக்கிறது.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் எகிப்து, அசிரியா, பாரசீகம் எல்லாம் வந்து சேர்ந்தன. ஒவ்வொன்றின் பின்னும் ஒரு தூதுவர், ஒரு படைத் தளபதி, ஓர் அகழ்வு ஒப்பந்தம். அது தனிக் கட்டுரைக்கான விஷயம். நம் நடராசரைத் தேடி லூவருக்குள் அலைய வேண்டாம். 1945இல் ஆசியக் கலைப்பொருள்கள் கீமே அருங்காட்சியகத்துக்கு மாற்றப்பட்டன. சோழர் செப்புத் திருமேனிகளை அங்கே காணலாம்.

1871 மே மாதம், பாரிஸ் கம்யூனின் கடைசி நாட்களில், துய்லரி அரண்மனை எரிக்கப்பட்டது. லூவரின் நூலகமும் எரிந்தது. ஓவியங்கள் மயிரிழையில் தப்பின. ரிவோலி வீதியில் இருந்த நிதி அமைச்சகமும் எரிந்துபோகவே, தற்காலிகமாக லூவரின் வடக்குச் சிறகில் வந்து உட்கார்ந்தது. தற்காலிகம் என்றால் 118 ஆண்டு. அரசன் போனான், பேரரசன் போனான், குமாஸ்தாக்கள் போகவில்லை. மூன்றாம் நெப்போலியன் காலத்துப் பொன்முலாம் பூசிய கூடங்களில் அமைச்சர்கள் விருந்து வைத்தார்கள். 1981இல் மித்தரான், லூவர் முழுவதும் அருங்காட்சியகத்துக்கே என்று அறிவித்தார். அமைச்சகம் மூட்டை கட்டியது. 1986இல் ஆட்சி மாறியதும் புது நிதி அமைச்சர் பலதூர் காலி செய்த அறைக்கே திரும்பி வந்துவிட்டார்! 1989இல்தான் ஒருவழியாக வெளியேறினார்கள். அந்தச் சிறகு 1993 நவம்பரில் மக்களுக்குத் திறந்தது. 1793இல் தொடங்கிய காரியம் முடிந்த ஆண்டு எது என்று என்னைக் கேட்டால் 1993 என்பேன்.

ஐ.எம். பெய் அமைத்த கண்ணாடிப் பிரமிடு 1989இல் திறக்கப்பட்டது. அரண்மனை முற்றத்தில் இது என்ன அலங்கோலம் என்று அன்று பாரிஸே கொதித்தது. எனக்கு அது பிடித்திருக்கிறது. மூன்று சிறகுகளுக்கும் நடுவே நிலத்தடியில் ஒரே வாசல் என்ற யோசனை, வழி தவறிய கலியாண கோஷ்டிக்கு நூறு ஆண்டு கழித்துக் கிடைத்த பதில். ஆனால் ஆண்டுக்கு நாற்பது லட்சம் பேர் சுமார் வருவார்கள் என்று போட்ட கணக்கு அது. 2018இல் வந்தவர்கள் ஒரு கோடியே இரண்டு லட்சம். 2024இல் 87 லட்சம். கண்ணாடியின் கீழ் வெயில் காய்ச்சும், இரைச்சல் காதைப் பிளக்கும். 2025 ஜூனில் ஊழியர்களே இனி முடியாது என்று வேலையை நிறுத்திக் கதவடைத்தார்கள். அந்த ஆண்டு ஜனவரியில் மக்ரோன், கிழக்குத் தூண்வரிசைப் பக்கம் புது வாசலும் மோனா லிசாவுக்குத் தனி அறையும் என்று அறிவித்திருந்தார். தனி அறை வந்தால் வெரோனேசேவுக்கு விமோசனம் என்பது என் சந்தோஷம்.

அதே 2025 அக்டோபர் 19 காலை நடந்த திருட்டை எல்லாரும் செய்தித்தாளில் படித்திருப்பீர்கள். அப்போல்லோ கூடத்தின் மாடிச் சன்னலுக்கு ஏணி வைத்த வண்டி. சில நிமிடங்களில் எட்டு அரச நகைகள் போயின. மதிப்பு 8 கோடியே 80 லட்சம் யூரோ என்றார்கள். இனி எந்த மன்னனும் முடிசூட வரக்கூடாது என்று மூன்றாம் குடியரசு 1887இல் அரச நகைகளை ஏலம் விட்டது. அப்படி விற்றவற்றில் சிலவற்றைப் பிற்காலத்தில் தேடித்தேடி வாங்கினார்கள். திருடுபோன மார்பணி ஒன்றுக்கு 2008இல் அறுபது லட்சம் யூரோவுக்கு மேல் கொடுத்தார்கள். மக்கள் விற்றதை மக்கள் பணத்தில் வாங்கி, மக்கள் கூடத்தில் வைத்து, ஒரு பழைய அரண்மனைச் சன்னலின் பலத்தில் விட்டுவைத்திருந்தார்கள். அருங்காட்சியகமாகக் கட்டிய கட்டடத்தில் நதியோரம் அப்படியொரு மாடிச் சன்னல் இருந்திருக்காது.

திருடர்கள் தொடாத நகை ஒன்று உண்டு. ‘ரீஜன்ட்’ வைரம், 140 காரட். கிருஷ்ணா நதிக்கரையில் கொல்லூர்ச் சுரங்கத்தில் எடுத்தது. சென்னை செயின்ட் ஜார்ஜ் கோட்டையின் கவர்னர் தாமஸ் பிட், 1702 வாக்கில் ஜாம்சந்த் என்ற வைர வணிகரிடம் வாங்கி, லண்டனில் பட்டை தீட்டி, 1717இல் பிரெஞ்சு அரசுக்கு விற்றார். நம் சென்னையில் கைமாறிய கல் பதினைந்தாம் லூயியின் கிரீடத்திலும் நெப்போலியனின் வாளிலும் இருந்தது. 1887 ஏலத்தில் விற்காமல் லூவருக்குத் தந்தார்கள்.

அந்த வைரத்தைப் பார்க்க வரும் இந்தியக் குடும்பத்துக்கு டிக்கெட் எவ்வளவு? 1922வரை லூவருக்குள் போக யாருக்கும் காசில்லை. 2026 ஜனவரி 14 முதல் ஐரோப்பியப் பொருளாதாரப் பகுதிக்கு வெளியிலிருந்து வருகிறவர்களுக்கு 32 யூரோ, அதாவது மூவாயிரம் ரூபாய்க்கு மேல், ஐரோப்பியர்களுக்கு 22. என்ன அநியாயம் என்று பொங்குமுன் ஆக்ராவை நினைத்துக்கொள்ளவேண்டும். தாஜ்மகாலில் நமக்கு 50 ரூபாய், அயல்நாட்டாருக்கு 1,100. ஆனால் ஒரு வேறுபாடு உண்டு. தாஜ்மகாலில் இருப்பது இந்த மண்ணுடையது. உலகம் முழுவதிலுமிருந்து கொண்டுவந்தவற்றை வைத்துக்கொண்டு, இது உலக மக்களின் பொதுச் சொத்து, அதனால்தான் திருப்பித் தரவில்லை என்று சொல்லும் இடம், வாசலில் பாஸ்போர்ட்டைப் பார்த்து விலை சொல்லக்கூடாது. இரண்டில் ஒன்றை லூவர் கைவிட்டாக வேண்டும்.

இதையெல்லாம் தில்லியில் உட்கார்ந்து எழுதுவதில் ஒரு பொருத்தம் இருக்கிறது. வடக்கு பிளாக், தெற்கு பிளாக் இரண்டையும் ‘யுகே யுகீன் பாரத்’ என்ற பெயரில் தேசிய அருங்காட்சியகமாக்கும் திட்டம் 2023இல் அறிவிக்கப்பட்டது. அரண்மனையை அருங்காட்சியகமாக்கிய அனுபவம் உள்ளவர்கள் என்று பிரெஞ்சுக்காரர்களோடே 2024 டிசம்பரில் ஒப்பந்தமும் ஆயிற்று. நம் உறுப்பினர்களில் எத்தனையோ பேர் அந்த பிளாக்குகளில் கோப்பு சுமந்தவர்கள். வடக்கு பிளாக்கில் பல பத்தாண்டுகள் இருந்தது எது? நிதி அமைச்சகம்தான்! அங்கேயும் நீள நீளத் தாழ்வாரங்கள், வைஸ்ராய் காலத்துச் சன்னல்கள். பார்ப்பதற்கென்று கட்டியவை அல்ல, ஆள்வதற்கென்று கட்டியவை. தாஞ்சிவியே பதினைந்து ஆண்டு தீர்க்கமுடியாமல் திணறிய வெளிச்சத்தில்தான் இங்கேயும் வேலை தொடங்கவேண்டும். உட்காரப் பெஞ்சு எத்தனை, வெளியே வர வழி எங்கே, சிலையின் கீழ் அதன் கதை எந்தெந்த மொழியில் இருக்கும் என்று அந்தச் சலவைத் தொழிலாளிப் பெண்ணைப்போல நாம் இப்போதே கேட்டு எழுதலாம். கட்டட வேலை முடிந்தபிறகு கேட்டால் சுவரைத்தான் இடிக்கவேண்டியிருக்கும்.